பின் சக்கரத்துக்குத் தைத்த தையல்

அன்றைக்குக் கண்மாய்க்குள் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், ராசு. இவளுக்கு என்ன தெரியும், இவள் எங்கே பார்த்தாள் என்று பிற்பாடு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. காரை வீட்டுச் சுந்தரம் இருந்தார். பந்தலும் அவருடையது, பரிசுக் கிடாயும் அவருடையது. அவருடைய அக்காள் மகன் ராமநாதன் இருந்தான். கீரனூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த காசிம் இருந்தார். கல் உடைக்கிற மரியதாஸ் இருந்தான். தப்படிக்கிற சோலை இருந்தான். சைக்கிளோடு வந்து ஓடாமலே திரும்பிப் போன பெரியசாமி, சின்னக்கண்ணு, லெட்சுமணன், அந்தோணி என்ற நாலு பையன்கள் இருந்தார்கள். கரைமேல் பெண்டுகளோடு உன் அத்தை வள்ளியம்மை இருந்தாள். உன் அண்ணன் முத்து இருந்தான். உன் அப்பா கையில் பிரம்போடு இருந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு இருந்தேன். நீ இல்லை. நீ மலாயாவில் இருந்தாய். கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை, நீ இருக்கிறாயா என்பதே எங்களுக்குத் தெரியாத காலம் அது.

நீ போன வாரம் எழுதியது கிடைத்தது. கண்மாய்ச் சைக்கிள் பந்தயத்தை மறுபடியும் நடத்த வேண்டும் என்று ஊரார் திருக்கோகர்ணத்துக்கே வந்து உன் கடையில் உட்கார்ந்து பேசினார்களாம். சைக்கிள் கடைக்காரன் என்பதால் உன்னையே மத்தியஸ்தராக இருக்கச் சொல்கிறார்களாம். அப்பா பெயரில் ஒரு கோப்பை செய்து வருஷா வருஷம் கொடுக்கப் போகிறாயாம். "அப்பாவோட நேர்மைக்கு அது ஒரு மரியாதை ஆத்தா, சரின்னு நீ ஒரு வரி எழுதினாப் போதும், நோட்டீசு அடிக்கக் குடுத்துருவேன்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நாலு நாளாக எழுதுகிறேன். இதை மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அங்கிட்டு அனுப்பிவிட்டு நீயே படி.

யுத்தம் முடிந்து நீ திரும்பி வந்த அன்று வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "அண்ணன் எங்கே ஆத்தா?" என்று கேட்டாய். உன் அப்பா உன் தோளைப் பிடித்து வயல் பக்கம் கூட்டிப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னதைத்தான் உனக்கும் சொல்லியிருப்பார்: ஆத்தா தைத்த டயர் விட்டுப்போச்சு. நீ திரும்பி வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாய். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நீ நல்ல பிள்ளைதான். ஆனால் மறுவாரம் உன் சட்டை தோளில் கிழிந்தபோது அதை மடித்து எடுத்துக்கொண்டு கீரனூர்த் தையற்காரனிடம் போனாய். கப்பலேறும்வரை உன் துணியில் என் ஊசியைத் தவிர வேறு ஊசி பட்டதில்லை. அதன் பிறகு இன்றுவரை ஒரு பொத்தான்கூட நீ என்னிடம் தைக்கக் கொடுத்ததில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்பது உனக்கும் கொஞ்சம் நினைவிருக்கும். வைகாசியில் கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அம்மன் திருவிழாவுக்கு ஏதாவது புதுசாக வேண்டும் என்று, கரையை ஒட்டி ஒரு வளையம் போல மண்ணை அடித்துச் சமப்படுத்தி, கண்மாய்க்குள் நிற்கிற மடைக்கல் இரண்டையும் சுற்றி வரும்படி வழி போட்டார்கள். ஐந்து சுற்று. முதல் வருஷம் சட்டமே கிடையாது. சைக்கிள் என்று ஒன்று இருந்தால் வா, ஏறு, மிதி. பதினாலு சைக்கிள் வந்தது. கீரனூர்க் காசிம் தன் வாடகை சைக்கிள்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மரியதாஸ் ஓடினான். செருப்பில்லாத காலோடு மிதித்து முதலாவதாக வந்தான். கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு காரை வீட்டு வாசல் வழியாகத்தான் அவன் தன் தெருவுக்குப் போக வேண்டும். போனான். அதுதான் சுந்தரத்துக்கு உறுத்தியது.

அடுத்த வருஷம், வாடகை சைக்கிள் கூடாது, சொந்த சைக்கிள்தான் என்று ஒரு சட்டம் வந்தது. சொன்னது மத்தியஸ்தராக நின்ற உன் அப்பா வாய். சொல்ல வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். மரியதாஸ் வந்து கேட்டான். "சைக்கிளு யாருதுன்னு ரோட்டுக்குத் தெரியுமாங்க? மிதிக்கிற காலு எனக்குச் சொந்தந்தானே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. ஒன்பது சைக்கிள்தான் ஓடியது. கூட்டம் குறைந்துவிட்டது என்று மூன்றாம் வருஷம் வாடகை சைக்கிளையும் ஓட விட்டார்கள். அதற்குள் அந்தப் பையன்களுக்குச் சலித்துவிட்டது. மரியதாஸ் ஒருவன்தான் திரும்பி வந்தான். அந்த வருஷம் ஒருவனுடைய மட்கார்டு பிய்ந்து பக்கத்தில் வந்தவன் காலைக் கிழித்தது. இனிமேல் மட்கார்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று அங்கேயே சொன்னார்கள். நாலாம் வருஷம் ராமநாதனுக்குப் புது சைக்கிள் வந்திருந்தது. மட்கார்டைக் கழற்றுகிறேன் என்று புது சைக்கிளில் திருப்புளி படக் கூடாது என்று அவன் மாமா சொல்லிவிட்டார். பந்தயத்தன்று காலையில் சட்டம் திரும்பிவிட்டது: மட்கார்டு இருந்தால்தான் ஓடலாம். பத்து மைலுக்கு அப்பாலிருந்து வையாபுரி என்று ஒருவன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். அவன் உன் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அடுத்த வருசம் ரெண்டு சைக்கிளாக் கொண்டாரேன் மாமா. ஒண்ணு மாட்டுனது, ஒண்ணு கழட்டுனது. நீங்க எதக் கை காட்டுறீங்களோ அதுல ஏறிக்கிறேன்" என்றான். அப்புறம் அவனை இந்த ஊர் எல்லையில் நான் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஐந்து பேர்.

உன் அப்பா கெட்டவர் இல்லை, ராசு. இதை நான் எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும். வரப்புத் தகராறு என்றால் நாலு ஊர் தள்ளியிருந்தும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். யார் வீட்டிலும் ஒரு வெற்றிலை வாங்கமாட்டார். ஆனால் அவருக்கு ஒரு பயம் உண்டு. தன்னைப் பார்த்து ஒருவன், பாரபட்சம் பார்க்கிறார் என்று சொல்லிவிடக் கூடாது. யார் கடைசியாகச் சத்தம் போட்டார்களோ அவர்கள் பக்கம் சட்டம் சாய்ந்துவிடும்; சாய்ந்ததை மறைக்க இன்னொரு சட்டம் வரும். எதையும் காகிதத்தில் எழுதமாட்டார். "என் வாக்கு போதும்" என்பார். அந்த வாக்கை நம்பித்தான் பத்து மைல் மிதித்து வந்தார்கள்.

ஐந்தாம் வருஷம் யுத்தம் முற்றிவிட்டது. ரப்பர் என்ற சாமானே கிடையாது. டயர் கிழிந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்துத் தைத்து ஓட்டினார்கள், நாடெல்லாம் அப்படித்தான். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே சோலையை விட்டுத் தப்படித்துச் சுற்றுப்பட்டு ஊரில் சொல்லச் சொன்னார் உன் அப்பா: தைத்த டயரும் ஓடலாம். அதைக் கேட்டுத்தான் ஐந்து ஏழாயிற்று. முத்துவின் பின் டயரில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். நான்தான் தைத்தேன். அந்தக் காலத்தில் கடலை மூட்டை வாய் தைப்பதில் எனக்கு இணையாக இந்தப் பக்கம் ஆள் கிடையாது. நான் தைத்த மூட்டை நாகப்பட்டினம் போய் இறங்கினாலும் ஒரு கடலை சிந்தாது என்று வியாபாரிகள் கேட்டு வாங்குவார்கள். கோணி ஊசியில் மெழுகு போட்ட சணலைக் கோத்து, ஒரு முழுப் பகல் உட்கார்ந்து பத்தொன்பது தையல் போட்டேன். முத்து பக்கத்தில் உட்கார்ந்து டயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஏத்தா, மூட்டையத் தைக்கிற மாதிரி தைக்கிறியே, என்னையும் உள்ள போட்டுத் தைச்சுராத" என்றான். "ஒன்னையப் போட்டா எடை கொறைவா இருக்குன்னு யாவாரி திருப்பி அனுப்பிருவான், பிடிடா ஒழுங்கா" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் ஊசி என் கட்டைவிரலில் இறங்கியது. தைத்து முடித்ததும் பின் சக்கரத்தில் போட்டு, ரெண்டு நாள் கீரனூர் வரை போய்வந்து காட்டினான். ஒரு நூல் அசையவில்லை.

பந்தயத்தன்று ஏழு பேரும் மடைக்கல் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நான் குடத்தோடு அங்கே இருந்தேன். மற்ற பெண்டுகள் எல்லாம் கரைமேல் புளிய நிழலில். சோலை தப்பைக் காய்ச்சி எடுத்துவிட்டான். அப்போதுதான் சுந்தரம் பந்தலிலிருந்து இறங்கி வந்தார். "தைச்ச டயரு வெடிச்சு ஒருத்தன் குறுக்க விழுந்தா எங்க பிள்ள என்னாவுறது? இது நல்லாருக்கா மாப்பிள? கிடாயக் குடுத்துட்டுப் பிள்ளையையும் குடுக்கணுமா?" என்று உன் அப்பாவைக் கேட்டார். பையன்கள் சத்தம் போட்டார்கள். "தப்படிச்சுச் சொன்னீங்களே மாமா" என்று பெரியசாமி கேட்டான். "சோலைய விட்டுச் சொன்னது பொய்யா?" சோலை தலையைக் குனிந்துகொண்டான். உன் அப்பா பிரம்பைத் தரையில் தட்டினார். இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. அப்புறம் நடுவில் ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்தார். பாரமெல்லாம் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. ஆகவே பின் டயரில் தையல் கூடாது, முன் டயரில் இருந்தால் பரவாயில்லை. இதுதான் தீர்ப்பு.

நாலு பேருக்கு இரண்டு டயரிலும் தையல். அவர்கள் என்ன செய்வார்கள்? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தள்ளியபடி கரையேறினார்கள். சின்னக்கண்ணு மட்டும் திரும்பிப் பார்த்து, "இன்னொரு தடவ இந்த ஊருத் தப்புச் சத்தம் கேட்டா காதுல பஞ்ச வச்சுக்கிருவேன்" என்றான். மரியதாஸின் வாடகை சைக்கிளில் தையலே இல்லை, அவன் ஓடியிருக்கலாம். "அவங்க இல்லாத ஓட்டம் எனக்கு எதுக்குங்க" என்று அவனும் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். மிச்சம் ராமநாதனும் முத்துவும். உன் அப்பா குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும், ராசு. கட்டிய மூட்டையை வெளியே தடவியே, உள்ளே கல் கிடக்கிறது என்று சொல்லிவிடுகிற கை. ராமநாதனுடைய பின் டயரில் வால்வுக்குப் பக்கத்தில் அந்தக் கை நின்றது. அங்கே புதிதாகக் கறுப்புச் சாயம் தடவியிருந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது. அப்புறம் நகர்ந்துவிட்டது. "சரி" என்றார். நான் நாலு முழ தூரத்தில் நின்றேன்.

அடுத்தது முத்து. கூட்டத்திலிருந்து யாரோ, "பெத்த மகனுக்கு எந்தச் சட்டம்?" என்று கத்தினார்கள். யார் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பெயரையும் மேலே சேர்த்திருப்பேன். உன் அப்பாவின் காது சிவந்தது. தன் மகனைப் பந்தயத்தை விட்டே விலக்கியிருக்கலாம். விலக்கினால் ஒரு சைக்கிள்தான் மிச்சம், பந்தயமே இல்லை என்று ஊர் சிரிக்கும். அப்படியே ஓட விட்டிருக்கலாம். ஓட விட்டால் பாரபட்சம் என்பார்கள். "பின்னாடி உள்ளத முன்னாடி மாத்து" என்றார். முத்து, "அப்பா, பின்னால இருந்தா வெடிச்சாலும் நின்னுக்கிரலாம். முன்னால வெடிச்சா ஆளையே கவுத்துரும். ஆத்தா பின்னுக்குன்னு தைச்சதுப்பா" என்றான். "ஊருக்கு ஒண்ணு ஒனக்கு ஒண்ணா? சோலை முந்நூறு அடி அடிப்பான். அதுக்குள்ள மாட்டு. இல்லாட்டி சைக்கிளத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார். காசிம் ஓடி வந்தார். கரண்டிக் காம்பை வைத்து நெம்பி இருவருமாகக் கழற்றி மாற்றினார்கள். தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, டயரு ஓரம் இன்னும் ரிம்முக்குள்ள ஒக்காரலண்ணே, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்று காசிம் கெஞ்சியதை நான் கேட்டேன். கடைசி அடி விழுந்தது. உன் அப்பா பிரம்பைத் தூக்கிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. சபையில் பொம்பளை வாய் திறக்கக் கூடாது. அதுவும் புருஷன் தீர்ப்புச் சொல்கிற இடத்தில். "வேண்டாங்க" என்று ஒரே ஒரு சொல், அது என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லியிருந்தால், மகனுக்காகப் பெண்டாட்டி வந்து பேசுகிறாள் என்று அவரைச் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன். முத்து ஏறும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஆத்தா ஆதரவாக இருக்கிறாள் என்று நினைத்தானோ, என்னவோ. இந்தத் தப்பு என்னுடையது. இதில் யாருக்கும் நான் பங்கு கொடுக்கமாட்டேன்.

இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது சுற்றில் மடைக்கல்லைத் திரும்பும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு வெடி. முன் சக்கரம் மடங்கி அவன் கல்மேல் போய் விழுந்தான். தலை. மரியதாஸ்தான் முதலில் ஓடினான், அவன்தான் தூக்கினான். நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு இன்றுவரை நினைவில் நிற்பது ரத்தம் இல்லை, ராசு. சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. பின் சக்கரம் மட்டும் மேலே நின்று சுற்றிக்கொண்டே இருந்தது, டிக் டிக் டிக் என்று. அவ்வளவு பேர் நின்றும் அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது தெருவில் யாராவது மிதிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் அதே சத்தம். நான் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு நிற்பேன். வண்டியில் போட்டுக் கீரனூருக்குக் கொண்டுபோனோம். ஊர் எல்லை தாண்டும் முன் என் மடியிலேயே அவன் போய்விட்டான்.

மறுநாள் விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். நம் வாசலில் ஊரே நின்றது. எப்படி விழுந்தான் என்று கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து நின்று, ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார்: "டயருல தையல் விட்டுப்போச்சுங்க. வீட்டுல பொம்பள தைச்சது." நான் உள்ளே முத்துவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். என் கட்டைவிரலில் ஊசி குத்திய புண் அப்போது ஆறியிருக்கவில்லை. நானும் அதை நம்பினேன். கருமாதி முடிகிறவரை, என் பிள்ளையை என் கைதான் கொன்றது என்று நம்பிக்கொண்டு சோறு பொங்கினேன்.

கருமாதிக்கு மறுநாள் காசிம் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன் டயரைக் கழற்றி என் முன்னால் வைத்து விரலால் காட்டினார். "அக்கா, தையல் அப்படியே இருக்குக்கா. எண்ணிப் பாருங்க. ஓரம் ரிம்முக்குள்ள ஒக்காரல, அது வழியா டியூபு பிதுங்கி வெடிச்சிருக்கு. நான்தான் சரியா மாட்டல. எனக்கு நேரம் பத்தல" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய ஆள் என் வாசலில் உட்கார்ந்து அழுதார். எண்ணினேன். பத்தொன்பது. ஒன்றுகூட விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் உன் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார். தையல்மேல் கையை வைத்துத் தடவினார். அந்தக் கை என்ன தெரிந்துகொண்டது என்று எனக்குத் தெரியாதா? "போட்டு எரி அத" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் எரிக்கவில்லை. கடலைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் சொன்னதை மாற்றவில்லை. அம்மன் கோவில் கூட்டத்தில் கேட்டாலும் அதே பதில், சம்பந்தி வீட்டில் கேட்டாலும் அதே பதில். அடுத்த அறுவடைக்கு என்னை மூட்டை தைக்கக் கூப்பிடவில்லை. கைராசி இல்லாதவள் என்று பேர். வள்ளியம்மை தன் மகள் சீமந்தத்துக்குப் பூத்தொடுக்கக்கூட என்னிடம் ஊசியும் நாரும் கொடுக்கவில்லை. அதை நான் அவள் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். பந்தயமும் அதோடு நின்றது. நடத்திப் பார்த்தார்கள், ஆள் வரவில்லை. சாவுக்குப் பயந்து வரவில்லை என்று உன் அப்பா சொல்வார். அது இல்லை. விழுந்து சாவதற்கு இளவட்டங்கள் எப்போது பயந்தார்கள்? போய் நின்றால் அங்கே என்ன சொல்வார்களோ என்றுதான் வரவில்லை. வருஷம் முழுக்கத் தயாராகி, ஒரு காலை நேரத்தில் ஒரு பிரம்பு எதையாவது சொல்லும் என்றால் யார் வருவான்?

கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கினால் முதலில் மடைக்கல்லின் தலை தெரியும், அப்புறம் கழுத்து, அப்புறம் அவன் விழுந்த இடம். அது வெளியே வருகிறவரை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன். எதற்கென்று கேட்காதே.

உன் அப்பா படுக்கையில் விழுந்து நாற்பது நாள் கிடந்தார். குளிப்பாட்டினது நான், புரட்டிப் போட்டது நான், அது என் கடமை. ஆனால் அந்த நாற்பது நாளும் நான் அவர் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்தது அன்பினால் என்று நீ நினைத்தாய். உன் பெண்டாட்டியிடமும் சொன்னாய். நான் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். "தையல் நல்லாத்தான் இருந்துச்சு" என்று என்னிடம்கூட வேண்டாம், சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும். கடைசி நாள் மத்தியானம் கையை அசைத்து என்னைக் குனியச் சொன்னார். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "மோருல உப்பு இல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

ராமநாதன் போன மாதம் வந்தான். இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே, "எனக்கும் பின்னால மூணு தையல் இருந்துச்சு ஆத்தா. மேல சாயம் தடவி வச்சிருந்தோம். ஒங்க வீட்டு மாமா கை அதுல பட்டுச்சு. என்னை நிமிந்து பாத்தாரு. சொல்லிருவாருன்னு நெனச்சேன்" என்றான். நான் அவனை உட்காரச் சொன்னேன். அவனும் அன்றைக்குப் பத்தொன்பது வயசுப் பையன்தானே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பந்தயம் நடத்து. நான் குறுக்கே நிற்கமாட்டேன். மத்தியஸ்தராகவும் இரு. ஆனால் சட்டத்தைத் தை மாதமே பலகையில் எழுதிக் கோவில் வாசலில் தொங்கவிடு. படிக்கத் தெரியாதவனுக்குச் சோலை மகனை விட்டுத் தப்படித்துச் சொல். அப்புறம் அதைத் தொடாதே. நீ எழுதியது தப்பான சட்டம் என்று பந்தயத்தன்று காலையில் உனக்கே தெரிந்தாலும் தொடாதே. ஓடினால் ஆபத்து என்று பட்டால் பந்தயத்தையே நிறுத்திவிட்டுக் கிடாயை வந்தவர்களுக்கே பொதுவில் அவிழ்த்துக் கொடுத்து அனுப்பு, சட்டத்தை அடுத்த தை மாதம் மாற்று. வந்து நிற்கிறவன் அந்தப் பலகையை நம்பி வீட்டிலிருந்து புறப்பட்டவன். இன்னொன்று. உன் மகனும் ஒரு நாள் அந்த வரிசையில் நிற்பான். ஊரான் பிள்ளைக்கு இளக்கிக் கொடுத்ததை உன் பிள்ளையிடம் இறுக்கிக் கணக்கைச் சரி செய்யாதே. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது பயம்.

மரியதாஸ் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு சாக்கு வரும். அதில் அந்த டயர் இருக்கிறது. நீ மலாயாவிலும் இங்கேயும் ஆயிரம் டயர் பார்த்தவன். உன் கடை வெளிச்சத்தில் வைத்து நீயே பார், எண்ணு, இழு. பார்த்துவிட்டு எனக்கு எதுவும் எழுத வேண்டாம். அடுத்த முறை வரும்போது தைக்க ஏதாவது ஒன்று கொண்டு வா, போதும்.

கோப்பையில் முத்துவின் பெயரையும் போடாதே. பந்தலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். உன் அப்பா பெயரைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் இது. சுந்தரத்தோடு எனக்குப் பகை. அவர் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது, சாகிறவரை இறங்காது. ஆனாலும் அவர் செத்தால் போய் அழுவேன். பகை வேறு, இது வேறு. உன் அப்பா போனபோது நான் அழவில்லை, ஊர் அதையும் பேசியது. பதின்மூன்று வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ஓட்டர் பட்டியல் எழுத வந்தவர் கேட்டபோதுகூட வள்ளியம்மைதான் சொன்னாள். முத்துவைப் பறிகொடுத்த பிறகும் அந்த ஆயுசுக்காக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது குறைய ஒன்றும் இல்லை. நான் மன்னிக்கமாட்டாத ஆள் ஒருவர்தான், ராசு. என் கையால் முதல் முதலாக எழுதுகிறேன், எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்: ஆறுமுகம்.